பாஞ்சாலிக்கு ஒரு கடுதாசி

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

கோபப்படாதே மச்சான், இந்தப் பேரில் உன்னைக் கூப்பிட ஊரில் நான் ஒருத்தன்தான் மிச்சம். மாசியில் போன் பண்ணுகிறேன் என்றேன், வைகாசியே வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி. மாங்காய் விலை வழக்கம்போலத்தான். இதற்கெல்லாம் நான் பேனா எடுப்பேனா?

விஷயம் நம் கூத்து வாத்தியார். இந்த வருசப் பாரதக் கூத்தில் துகிலுரிதல் ராத்திரி. தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, துச்சாதனன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு எழுந்தான். அதுவரை சரி. வாத்தியார் விருத்தம் எடுத்தார், இரண்டாம் அடியில் நின்றுவிட்டார். முகவீணைக்காரர் அந்த அடியையே சுற்றிச் சுற்றி வாசித்துச் சமாளித்தார். வாத்தியார் வாயைத் திறந்தபடி வேஷம் கட்டிய பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார்டா. நமக்கெல்லாம் அடியெடுத்துக் கொடுத்த மனுசன்.

மறுநாள் அவரிடம் பாட்டு நோட்டு வாங்கப் போனேன். நோட்டு ஏது? நீளக் கணக்கு நோட்டு ஒன்று. அதில் கர்ண மோட்சம் பாதி, மீதியெல்லாம் யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு. (உனக்குப் பதினைந்து ரூபாய் வரவேண்டியிருக்கிறது. வெல்லப் பானைக்கு அது சரியாப் போச்சு என்கிறார்.) மற்ற ராத்திரியெல்லாம் அவர் தொண்டையில்தான் இருக்கிறது.

போனில் பதிவு பண்ண உட்கார்ந்தேன். ஒரே பாட்டு, திங்கட்கிழமை ஒரு மாதிரி, புதன்கிழமை ஒரு மாதிரி. எது சரி என்றால், "எதிர்ல யார் உக்காந்திருக்காங்களோ அதுக்குத் தக்கதான்டா" என்கிறார். அப்புறம் பழைய புலம்பல்: மைக் வந்து பயல்களுக்குத் தொண்டை இறங்கிவிட்டதாம், பெட்ரோமாக்ஸ் காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்குமாம். பொய் என்று சொல்ல முடியவில்லை.

நம் கூத்து ஜமா எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வருசம் வரவில்லை. "சேலம் ஜில்லாவா இருந்தப்ப எங்க தாத்தா கட்டினது." 1965இல் தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி. ஊரை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டத்தில் ஆடிவிட்டோம் பார். இப்போது அர்ச்சுனன் ஓசூரில் நைட் ஷிப்டு முடித்து வந்து தபசு மரம் ஏறுகிறான். மேலிருந்து எலுமிச்சம்பழம் போடும்போது கொட்டாவி விட்டான், கீழே பிள்ளை வரத்துக்கு மடியேந்தி நின்ற பெண்கள் பார்க்கவில்லை. அவனை உட்கார வைத்துப் பாடம் சொல்ல அவருக்கும் நேரமில்லை, அவனுக்கும் நேரமில்லை.

துகிலுரிதல் முழுக்க உனக்குப் பாடம். பெங்களூரில் குளிக்கும்போது முணுமுணுக்கிறாய் என்று தங்கச்சி போட்டுக் கொடுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அவர் எதிரில் உட்கார்ந்து முதல் அடியை எடு. எனக்கு வராதது உனக்கு வரும்.

நேற்று தகரப் பெட்டியைத் திறந்தேன். கல்யாண முருங்கை மரக் கிரீடத்தைப் பூச்சி அரித்து, கண்ணாடித் துண்டெல்லாம் உதிர்ந்து அடியில் கிடக்கிறது. உன் சவுரி மட்டும் முழுசாக இருக்கிறது. ரவிக்கையும் இருக்கிறது, உனக்கு ஒரு கைதான் நுழையும்.

இப்படிக்கு,
உன் கட்டியங்காரன்