புனேயிலிருந்து பணம் வராத நாளில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கம்பெனிகள் இங்கிலாந்துக் கால்பந்து அணிகளை வாங்குவது நாட்டுக்கே பெருமை என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை. அந்த ஊருக்குப் போய் அந்த மைதானத்தில் உட்கார்ந்து வந்தவன் நான். அணியின் முதலாளிகள் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் செய்யும் அதே கோழித் தொழிலில் 34 வருஷமாக இருப்பவனும்கூட. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கத்தில் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. வெங்கீஸ் என்றால் மற்றவர்களுக்குக் கோழிக்கறி பாக்கெட் ஞாபகம் வரும். எங்களுக்கு பி.வி. 300 ரகக் குஞ்சுதான் ஞாபகம் வரும். அந்தக் குழுமத்தை உருவாக்கிய பி.வி. ராவ், 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கியவர். அதுவரை வியாபாரி சொன்னதே முட்டைக்கு விலை. பண்ணையாளனும் விலை சொல்லலாம் என்ற தைரியத்தை எங்களுக்குக் கொடுத்தவர் அவர். 2010 நவம்பரில் அவருடைய மகள் அனுராதா தேசாயும் மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் ஆகியோரும் 2.3 கோடி பவுண்டு கொடுத்து பிளாக்பர்னை வாங்கியபோது, அந்த வாசகரைப் போல நானும் பெருமைப்பட்டேன்.

என் மகள் பிளாக்பர்ன் பக்கத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். 2024 ஏப்ரலில் அங்கே போயிருந்தபோது மருமகன் என்னை ஈவுட் பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் ஜாக் வாக்கரின் சிலை நிற்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து இரும்பு வியாபாரத்தில் பெரிய ஆளானவர். தன் கம்பெனியை 33 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, சின்ன வயதிலிருந்து தான் பார்த்து வளர்ந்த அணிக்குப் பணத்தைக் கொட்டினார். 1995இல் பிளாக்பர்ன், இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் சாம்பியன் ஆனது. 81 வருஷம் கழித்துக் கிடைத்த பட்டம்.

உள்ளே போனால் பாதி நாற்காலிகள் காலி. பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். என்ன தொழில் என்றார். கோழி என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கோபப்படுவாரோ என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டு, "பணம் அனுப்புகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இங்கே வந்து எங்களிடம் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அங்கே பணம் நின்றுபோனால் நாங்கள் யாரைப் போய்க் கேட்பது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாமக்கல் திரும்பிய பிறகு அந்த அணியின் கதையை உட்கார்ந்து படித்தேன். வாங்கிய அடுத்த மாதமே அனுபவசாலியான பயிற்சியாளர் சாம் அல்லார்டைஸை நீக்கிவிட்டார்கள். 2012 மே மாதம் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. இறங்கிய அன்று, அணியின் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை ரசிகர்கள் மைதானத்துக்குள் விட்டிருக்கிறார்கள். கோழியை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்பதால், அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. அதே வருஷம் ஹென்னிங் பெர்க் என்ற பயிற்சியாளரை 57 நாளில் அனுப்பிவிட்டு, பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி அவருக்கு 22.5 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். 2017இல் அணி மூன்றாம் நிலைக்குப் போனது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிறகு வேறு எந்த அணியும் அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. அடுத்த வருஷமே மேலே ஏறி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி கடனுக்கு வருகிறேன். முதலாளிகள் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி பவுண்டு, நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல், அனுப்பி வந்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அணியின் கணக்கில் கடனாக ஏறியது. 2016 வாக்கிலேயே அணியின் மொத்தக் கடன் 10 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. இரண்டாம் நிலை லீக்கில் பல அணிகளின் நிலை இதுதான். வருகிற வருமானம் முழுக்க ஆட்டக்காரர் சம்பளத்துக்கே போதாத வருஷங்கள் உண்டு. மேலே ஏறினால் தொலைக்காட்சிப் பணம் கொட்டும் என்ற நம்பிக்கையில் ஓட்டுகிறார்கள். முட்டை விலையைவிடத் தீவனச் செலவு அதிகமாக இருக்கும் பண்ணையை, அடுத்த மாதம் விலை ஏறும் என்று நம்பி எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? எங்கள் பகுதியில் அப்படி ஓட்டிக் காலியான கொட்டகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் டெல்லியில் ஒரு வழக்கு. முதலாளிகள் வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம் பற்றி அமலாக்கத்துறை விசாரித்ததால், அணிக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுப்பும் தொகைக்கு ஈடாக வங்கி உத்தரவாதமும் கேட்டார்கள். வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் டெல்லியில் ஒரு மனு தள்ளிப்போனால் பிளாக்பர்னில் வரவு செலவு தடுமாறும் என்ற நிலை எப்படி வந்தது?

2024 பிப்ரவரி முதல் நாள் ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு விற்றார்கள். பிளாக்பர்னிலேயே பிறந்த பையன். ஆறு வயதில் அணியின் அகாடமிக்கு வந்தவன். விற்றபோது வயது 19. விலை 1.8 கோடி பவுண்டு, மேற்கொண்டு வரக்கூடியது தனி. அந்த வருஷம் 27 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த சம்மி ஸ்மோடிக்ஸ், கடைசி நாள் லெஸ்டரில் அடித்த இரண்டு கோலோடு அணி கீழே இறங்காமல் தப்பித்தது. ஆகஸ்டில் அவரையும் விற்றுவிட்டார்கள். முட்டை விலை சரிந்த ஒரு வருஷம், தீவனக் கடை பாக்கியைக் கட்ட, முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் இருந்த ஒரு கொட்டகைக் கோழியை நான் விற்றிருக்கிறேன். பாக்கி தீர்ந்தது. அடுத்த ஒன்றரை வருஷம் அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு முட்டைகூட வரவில்லை.

2025 மே மாதம் வந்த செய்திதான் என்னை அதிகம் பாதித்தது. பிளாக்பர்ன் மகளிர் அணி இரண்டாம் நிலை லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அந்த லீக் கேட்கும் வசதிகளுக்குச் செலவு செய்ய முதலாளிகள் முன்வரவில்லை. 2022இல் இங்கிலாந்துக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த கீரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே, எல்லா டூன் மூன்று பேரும் பிளாக்பர்னில் ஆடி வளர்ந்தவர்கள். என் பேத்திக்கு ஒன்பது வயது. பாதி நீலம் பாதி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளியில் ஆடுகிறாள். "தாத்தா, இனிமேல் இங்கே பெரிய அக்காக்கள் ஆட மாட்டார்களா?" என்று போனில் கேட்டாள்.

முதலாளிகள் பணம் கொடுக்காவிட்டால் அணி என்றைக்கோ மூடியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பிளாக்பர்னிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பரி என்ற ஊரின் அணி 2018 டிசம்பரில் வெறும் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. கடனை அடைக்க வழி காட்ட முடியாமல் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 1885இல் தொடங்கிய அணி அது. ஆனால் அந்த உதாரணத்தைப் பார்க்கும்போது எனக்குப் பயம்தான் கூடுகிறது. பரியும் ஒரே முதலாளியின் பையை நம்பித்தான் இருந்தது.

இங்கிலாந்து அரசு இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. அணியை நடத்த உரிமம் வேண்டும். வாங்குகிறவரின் தகுதியையும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று பார்க்கும். முக்கியமான முடிவுகளில் ரசிகர்களைக் கலந்து பேசவேண்டும். பத்து பதினைந்து வருஷத்துக்கு முன்பே இது வந்திருந்தால் அந்தப் பெரியவரின் கேள்விக்குப் போக ஓர் இடம் இருந்திருக்கும்.

சரி, நான் ஆசிரியரிடம் கேட்பது இதுதான். இனி ஓர் இந்தியர் வெளிநாட்டு அணியை வாங்கினார் என்று செய்தி போட்டால், கொடுத்த விலையோடு நிறுத்தாதீர்கள். வருஷா வருஷம் எவ்வளவு போடப்போகிறார், அது முதலீடா கடனா, அந்த ஊர்க்காரர் ஒருவருக்காவது நிர்வாகக் குழுவில் இடம் உண்டா என்பதையும் விசாரித்து எழுதுங்கள். பிளாக்பர்ன் பற்றி புனேயில் கேட்டு எழுதினால் அதை வெட்டி என் மருமகனுக்கு அனுப்புவேன். ஈவுட் பார்க்கில் அந்தப் பெரியவர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
முட்டைக்கோழிப் பண்ணையாளர் ஒருவர்,
புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டம்.