பால் வெள்ளை கேட்பவர்கள், காது கேட்குமா என்றும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு நாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராஜபாளையம் நாயின் வேட்டைத் திறமை, காவல் குணம், 2005-ல் அதற்குத் தபால்தலை வெளியானது எல்லாம் இருந்தது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் என்று ரசித்து எழுதியிருந்தார்கள். அந்தப் பால் வெள்ளையோடு சேர்ந்து வரும் கோளாறைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. நான் கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரும் ராஜபாளையம்தான். விடுபட்டதை நான் எழுதிவிடுகிறேன்.

இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது எங்கள் ஊரில் ரகசியமே கிடையாது. வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், விற்கிற தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். காசு கொடுத்து வாங்க வருகிற வெளியூர்க்காரருக்கு மட்டும் தெரியாது. அப்படி ஏமாந்த ஒருவர் ஒரு வயது நாயை மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார். "திமிர் பிடிச்ச நாய் சார், கூப்பிட்டா வரவே வராது, அடிச்சும் பார்த்தாச்சு" என்றார். நாய் மேசைமேல் நின்றுகொண்டு எங்கள் கைகளையே மாறி மாறிப் பார்த்தது. நான் அதன் முதுகுப் பக்கம் போய் ஒரு எவர்சில்வர் தட்டை இன்னொன்றால் ஓங்கித் தட்டினேன். வெளியே கட்டியிருந்த ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. இந்த நாயின் காதுமடல் கூட அசையவில்லை. எந்தக் கை அடிக்க ஓங்கும் என்பதில்தான் அதன் கவனமெல்லாம் இருந்தது.

ராஜபாளையம் நாய் பேச்சுக் கேட்காது, வீட்டு ஆளையே கடிக்கும் என்று ஒரு கெட்ட பெயர் உண்டல்லவா? தூங்குகிற செவிட்டு நாயைத் திடீரென்று தொட்டால் அது பதறிக் கடிக்கத்தான் செய்யும். இந்தக் கெட்ட பெயரில் பாதி, காது கேட்காத நாய்களால் வந்தது என்பது என் எண்ணம்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உடம்புக்கு நிறம் தருகிற செல்கள், குட்டி கருவில் இருக்கும்போதே முதுகுத்தண்டை ஒட்டித் தோன்றி அங்கிருந்து உடம்பெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உள்காதுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே அவற்றுக்குச் சாயம் பூசுகிற வேலை இல்லை. உள்காதில் நத்தை வடிவ உறுப்புக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அதில் பொட்டாசியம் சரியான அளவில் இருந்தால்தான் ஒலியை நரம்புக்கு மாற்றித் தரும் மயிர்ச்செல்கள் பிழைக்கும். அந்த அளவைக் காப்பாற்றுவது இந்த நிறச் செல்கள்தான். உடம்பை முழு வெள்ளையாக்கும் சில மரபணுக்கள் அவற்றைப் போய்ச் சேரவிடாமலே செய்துவிடுகின்றன. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் மயிர்ச்செல்கள் பட்டுப்போகும். அப்புறம் எந்த ஊசி மருந்தாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதற்காக வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று பயப்பட வேண்டியதில்லை. வீட்டில் வளர்க்கிற வெள்ளைப் பொமரேனியனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அதற்கு நிறச் செல்கள் இருக்கின்றன, முடியில் சாயம்தான் ஏறவில்லை. எந்த வழியாக வந்த வெள்ளை என்பதுதான் விஷயம். நீலக்கண் உள்ள முழு வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே எழுதியிருக்கிறார்.

இது அதிகமாக ஆராயப்பட்டது டால்மேஷியன் நாய்களில். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான டால்மேஷியன்களின் செவித்திறன் பரிசோதனைகளைத் தொகுத்தார். சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்கவில்லை, 8 சதவீதத்துக்கு இரண்டுமே கேட்கவில்லை. நீலக்கண் உள்ளவற்றில் செவிடு அதிகம். பிறக்கும்போதே கறுப்புத் திட்டோடு வந்த குட்டிகளில் குறைவு. ஆனால் கண்காட்சி விதிகளில் அந்தத் திட்டுத்தான் குறை! நன்றாகக் காது கேட்கிற குட்டியை ஒதுக்கிவிட்டு மற்றதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

நாமும் அதையேதான் செய்தோம், இன்னும் கொடுமையாக. ஒரு ஈற்றில் கறுப்போ பழுப்போ தட்டுப்பட்டால் அந்தக் குட்டியைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிற பழக்கம் இங்கே இருந்தது. மற்ற நாட்டு இனங்களான கன்னிக்கும் கோம்பைக்கும் சிப்பிப்பாறைக்கும் இப்படி வெள்ளை நிர்ப்பந்தம் கிடையாது. பன்றி வேட்டைக்குக் கூட்டமாகப் போன காலத்தில், காது கேட்காத நாய் வேட்டைக்கு ஆகாது என்று தானாகவே கழிந்திருக்கும். இப்போது நாய்க்கு வேலை பங்களா கேட்டுக்குப் பின்னால் அழகாக நிற்பது. அதற்குக் காது எதற்கு?

2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையத்தையும் மற்ற நாட்டு இனங்களையும் பெயர் சொல்லிப் பேசினார். அப்புறம் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். தரகர்கள் முப்பது நாள் குட்டியையே கைமாற்றிவிடுகிறார்கள். அந்த வயதில் காது நிலவரம் சரியாகத் தெரியாது. ஐந்து வாரமாவது முடிந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்தினாலே பாதி ஏமாற்று வேலை நின்றுவிடும்.

ஒரு காது மட்டும் கேட்காத நாயைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். அது கூப்பிட்டால் வரும், குரைக்கும், எல்லாம் செய்யும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும், இடப்பக்கம் விசிலடித்தால் வலப்பக்கம் பார்க்கும். ஆண் நாய் வெள்ளையாக, உயரமாக இருக்கிறது என்று அதையே இணைக்கு விடுகிறார்கள். அதன் குட்டிகளில் செவிடு கூடுகிறது. பச்சைக் குழந்தைகளுக்கு மருத்துவமனையில் எடுக்கிற பெரா பரிசோதனையை நாய்க்கும் எடுக்கலாம். காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து மூளையின் பதிலை இயந்திரம் பதிவு செய்யும். சில நிமிட வேலைதான், ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லிவிடும்.

நிற மோகம் எங்கள் ஊரோடு நிற்கவில்லை. மெர்ல் என்று புள்ளியும் திட்டுமாக வருகிற நாய்கள் இப்போது எல்லா ஊரிலும் விலைபோகின்றன. தாய் தகப்பன் இரண்டும் மெர்ல் என்றால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த மரபணு இரட்டையாக வந்து சேரும். அப்படி இரட்டையாக வந்த குட்டிகளில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். நீல டாபர்மேனுக்கு முடி கொட்டுகிற வியாதி. சாக்லேட் நிற லாப்ரடாருக்கு ஆயுளே குறைவு என்று பிரிட்டன் நாய்களை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. மற்ற நிறங்களுக்கு 12.1 வருடம், சாக்லேட்டுக்கு 10.7. சாக்லேட் நிற நாய்களுக்குக் காது அழற்சியும் அதிகம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். அரசு மையம் எதிலிருந்தும் வெளியே போகிற ஒவ்வொரு ராஜபாளையம் குட்டியோடும் பெரா அறிக்கை போகட்டும். அதைப் பார்த்துத் தனியாரிடமும் ஜனங்கள் கேட்க ஆரம்பிப்பார்கள். எங்கள் பக்கத்துக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்ட இருக்கிறது. மாதம் ஒரு நாளை நாட்டு நாய்க் குட்டிகளுக்கென்றே ஒதுக்கினால் வண்டி வைத்துக் கொண்டுபோக வளர்ப்பவர்கள் தயார்.

வாங்குகிறவர்கள், எட்டு வாரம் தாண்டிய குட்டிகளை அவை சேர்ந்து தூங்கும்போது போய்ப் பாருங்கள். தரையில் அதிர்வு போகாமல், முகத்தில் காற்றுப் படாமல், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்றதெல்லாம் எழுந்து ஒன்று மட்டும் தூங்கினால் சந்தேகப்படுங்கள். இது பெராவுக்கு ஈடாகாது, ஒரு காது செவிடு இதில் தப்பிவிடும்.

கண்காட்சி நடுவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. காதிலோ நெற்றியிலோ உள்ளங்கை அளவு பழுப்புத் திட்டு உள்ள ராஜபாளையத்துக்கும் மதிப்பெண் போடுங்கள். இரண்டு காதும் கேட்கும் என்கிற சான்று இல்லாத ஆண் நாய்க்கு, எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கோப்பை கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்,
ராஜபாளையம்.