பேட்டரி இறங்கிய வேகத்தில்

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. செம்பனை எண்ணெய் மில்லில் குலை வரத்து அதிகமான நேரம் இது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் குளித்துவிட்டுப் படுக்கத்தான் உடம்பு கேட்கிறது. இன்றுதான் ஓய்வு. அம்மா நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ ஜொகூரிலிருந்து அனுப்பிய தைலத்தின் பெருமையைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கச்சி மகன் ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நம் தோட்டத்து லயத்து வீடுகளை முழுக்க இடித்துவிட்டார்கள். எட்டாம் நம்பர் வீட்டு வாசலில் நின்ற ரம்புத்தான் மரத்தை மட்டும் ஏனோ விட்டு வைத்திருக்கிறார்கள்.

"இன்னமும் அந்த மிஷின் பாட்டுதானா? இப்போ யாருடா உன் ஆளு?" என்று கேட்டிருந்தாய். எலக்ட்ரானிக் இசைக்கு நீ வைத்த பெயர்தானே மிஷின் பாட்டு. ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அந்த ரம்புத்தான் மரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1993, நாம் ஐந்தாம் படிவம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து பிரித்த செப்புக் கம்பியை உச்சிக்கிளையில் கட்டி, ஜன்னல் வழியாக இழுத்து, அப்பாவின் கேசட் ரேடியோவில் சொருகினோம். சிற்றலையில் பிபிசி உலகச் சேவை கணீரென்று கேட்டது. நம் கம்பியின் சாமர்த்தியம் என்று நீ தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சிங்கப்பூர் கிராஞ்சியில் இருந்த மறு ஒலிபரப்பு நிலையம்தான் அதை வாங்கி நம் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. இப்போது நீ இருக்கும் இடத்திலிருந்து நீரிணைக்கு அந்தப் பக்கம்தானே கிராஞ்சி?

பிபிசியில் பாட்டுப் போடும் ஜான் பீல் குரல் ஞாபகம் இருக்கிறதா? பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு பாட்டு கிட்டார் இரைச்சல், அடுத்தது ஆப்பிரிக்கா, அதற்கடுத்தது வெறும் மிஷின். இசைத்தட்டை வேகம் மாற்றிப் போட்டுவிடுவதற்குப் பேர்போனவர். 2004இல் அவர் பெருவில் இறந்துபோன செய்தி வந்த அன்று நீ போன் செய்தாய். இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நான்கு பெரிய பேட்டரிதான் கதி. தீர்ந்த பேட்டரியைப் பகலில் தகரக் கூரைமேல் வெயிலில் காய வைத்து, இரவில் மறுபடி போடுவோம். அரை மணி நேரம் ஓடும். ஓட ஓட ஒலிநாடா மெதுவாகும், குரல் கனக்கும், பாட்டு குழிக்குள் இறங்கும். அஃபெக்ஸ் ட்வினை நாம் அப்படித்தான் கேட்டோம். பல வருடம் கழித்து ஈப்போவில் ஒரு கடையில் ஹெட்ஃபோன் மாட்டி அதே இசையைச் சரியான வேகத்தில் கேட்டபோது திகைத்து நின்றேன். யாரோ அவசரமாக ஓடுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த பாட்டு இன்னும் ஆழத்தில், இன்னும் பொறுமையாக இருந்தது. மச்சான், உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கும் எனக்கு நம் வேகம்தான் பிடிக்கிறது.

அஃபெக்ஸ் ட்வின் என்ற ரிச்சர்ட் ஜேம்ஸைப் பற்றி இன்னொன்று. அவர் வளர்ந்தது இங்கிலாந்தின் கார்ன்வாலில், லேனர் என்ற கிராமத்தில். பக்கத்திலேயே ரெட்ரூத். அது ஈயச் சுரங்க ஊர், வெள்ளீயம். நம் கோப்பேங்கில் ஈயம் தோண்டிய பழைய வெள்ளைக்காரக் கம்பெனி அந்த ரெட்ரூத்தில் தொடங்கப்பட்டதுதான். 1985இல் ஈய விலை விழுந்ததே, கிந்தாவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்களே, உன் சித்தப்பாவுக்கு வேலை போனதே, அதே அடி கார்ன்வாலிலும் விழுந்தது. அங்கே கடைசிச் சுரங்கமும் 1998இல் மூடிவிட்டது. 1992இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே 85 முதல் 92 வரை என்று போட்டிருக்கும். 1985இல் அவருக்கு வயது பதினான்கு. விலை விழுந்த ஊரில் ஒரு பையன் அறைக்குள் உட்கார்ந்து மிஷினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஈயக் குளத்தங்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பார். தண்ணீர் அசையாமல் பச்சையாகக் கிடக்கும் அல்லவா, இசையும் அப்படியே கிடக்கும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் பெல்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. டெக்னோ என்ற மிஷின் இசையைத் தொடங்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூன்று பேரும் அங்கே ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பையன்கள். அவர்களும் நடுராத்திரி ரேடியோவில் வந்த ஒரு அறிவிப்பாளரைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். இதைப் படித்த அன்று உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவைப் பற்றிக் கேட்பாய். மதிக்கிறேன். 1974இல் நெடுஞ்சாலைப் பயணத்தை 22 நிமிட இசையாக்கினார்கள், அவர்கள் இல்லாமல் பின்னால் வந்த யாரும் இல்லை. ஆனால் அவர்கள் மிஷின் துடைத்து வைத்த மிஷின். என் மனசு அழுக்கேறிய மிஷினிடம்தான் போகிறது.

அதனால்தான் டீலியா டெர்பிஷயர். இவரை உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கொவென்ட்ரியில் பிறந்தவர். 1940இல் ஜெர்மன் குண்டு விழுந்து சிதைந்த ஊர். குழந்தையாக இருந்தபோது கேட்ட அபாயச் சங்குதான் இந்த மாதிரி ஓசைமேல் தனக்கு ஆசையை உண்டாக்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1963இல், சிந்தசைசர் கடைக்கு வருவதற்கு முன்பே, பிபிசியின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வேறொருவர் எழுதிய மெட்டை, ஒவ்வொரு ஸ்வரமாக நாடாவில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி உருவாக்கினார். பல பத்தாண்டுகள் அந்தத் தொடரில் அவர் பெயரே போடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அவர் சங்கைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் நம் தோட்டத்து ஸ்டோர் சங்கு காதில் கேட்டது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஊதுவார்களே. அடியிலிருந்து கிளம்பி, மெல்ல ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு சரியும். அம்மா அதற்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார். அவருக்கு அது வேலை. போர்வைக்குள் கிடந்த எனக்கு அது ஒரு நீண்ட ஸ்வரம். அம்மாவிடம் இதை நான் சொன்னதே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். என் ஆளு போர்ட்ஸ் ஆஃப் கனடா. பெயர்தான் கனடா, ஆள் ஸ்காட்லாந்து. மைக்கேல் சாண்டிசன், மார்கஸ் ஓவன் என்று இரண்டு சகோதரர்கள். சின்ன வயதில் பார்த்த கனடா அரசுத் திரைப்பட நிறுவனத்தின் விளக்கப் படங்களை நினைத்து வைத்த பெயர் அது. அவர்களுடைய 1998 ஆல்பத்தை முதல் முறை கேட்டபோது ரேடியோவில்தான் கோளாறு என்று நினைத்தேன். சுருதி நிலையாக நிற்காமல் நெளிந்தது. பழைய நாடா நெளிகிற மாதிரி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்!

தகவல் இலாகா வேன் வந்து தோட்டத் திடலில் படம் போடுவார்களே. கொசு ஒழிப்பு, பால் கறப்பு, நாட்டு முன்னேற்றம். ரீல் கிளம்பும்போது இசை முதலில் தொய்ந்து, பிறகு இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராகும். நீ அந்தத் தொய்வைத் தொண்டையாலேயே செய்து காட்டுவாய், வகுப்பே சிரிக்கும். போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் இசை முழுக்க அந்த முதல் மூன்று விநாடிதான். நடுவில் குழந்தைகள் குரல் வந்து போகும், என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாது. இதைக் கேட்கும்போது எனக்கு அழுகை வருவதுண்டு. துக்கம் என்று சொல்ல மாட்டேன். திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த எல்லாரும் ஒரு நிமிடம் திரும்பி வந்து உட்காருகிற மாதிரி.

இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த போர்ட்டிஸ்ஹெட் குழுவும் இதே வழிதான். 1994இல் வந்த ஆல்பத்துக்காகத் தாங்களே வாசித்ததை இசைத்தட்டாக அச்சடித்து, அதைத் தேய்த்துப் பழசாக்கி, அதிலிருந்து மறுபடி எடுத்தார்கள். உனக்கு அந்தப் பாடகி குரல் பிடிக்கும், கேள்.

இனி நம் பழைய சண்டை. 2000, அக்டோபர். ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' ஆல்பம் வந்தது. நீ நாடாவை வாங்கி வந்து, தே தாரேக் கடையில் என் முன்னால் மேசையில் வைத்து, "கிட்டார் எங்கடா?" என்று கேட்டாய். மூன்று மாதம் அதைப் பற்றியே சண்டை போட்டோம். அன்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை, இன்று சொல்கிறேன். அதில் எட்டாவது பாட்டின் அடியில் ஓடுகிறதே நான்கு ஸ்வரக்கூட்டுகள் சேர்ந்த ஒரு சோகமான வரிசை, அது 1973இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பால் லான்ஸ்கி என்பவர் அறை நிறைய இருந்த ஐபிஎம் கணினியில் செய்த இசையிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவின் ஜானி கிரீன்வுட் தானே செய்த நீண்ட மிஷின் பதிவுக்குள் அந்தச் சில விநாடியும் கலந்து கிடந்தது. பாடகர் தாம் யார்க் அதைத் தேடிப் பிடித்து ஒரு பாட்டாக்கினார். கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னாய். எனக்கு அது யாருமே எடுக்காத அலைவரிசையில் கம்பியைக் கட்டுகிற வேலையாகத் தெரிந்தது. நாம் மரத்தில் கட்டியதைத்தான் அவர்களும் கட்டினார்கள்.

கடைசியாக ஒருவர். இவரை நீ கட்டாயம் கேட்க வேண்டும். சரண்ஜித் சிங். பம்பாய்ப் படங்களுக்கு கிட்டார் வாசித்தவர். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று மிஷின்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு தட்டு வெளியிட்டார். அதில் ஒன்று மால்கௌன்ஸ், நம் இந்தோளம். ஒன்று பூபாளி, நம் மோகனம். அந்த மிஷின்களில் முக்கியமானது டிபி-303 என்ற சின்னப் பெட்டி. பேஸ் கிட்டாருக்குப் பதிலாகச் செய்தார்கள், அதிகம் பேர் வாங்கவில்லை, 1984இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெட்டியால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியும். வழுக்கினால்தானே ராகம்! சிகாகோவில் அதே பெட்டியை வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற புதிய வகையின் முதல் பாட்டாகப் பேசப்படுவது வந்தது 1987இல்தான். இவருடைய தட்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2010இல் மறுபடி அச்சானது. எழுபது வயதுக்கு மேல் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தார். 2015இல் காலமானார். இரவு ஷிஃப்டில் போயிலரைப் பார்த்துக்கொண்டு இந்தோளத்தைக் கேட்பேன். பிரஸ் சுற்றுகிற சத்தத்தோடு அது அப்படியே சேர்ந்துகொள்ளும்.

தங்கச்சி மகன் கதைக்கு வந்துவிட்டேன். மில்லில் குலையை ஆவியில் வேக வைப்போம். ஆவியை ஏற்றி, வெளியே விட்டு, மறுபடி ஏற்றி, இப்படி மூன்று தடவை, எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். வெளியே விடும்போது எழும் பெருமூச்சு ஊர் வரைக்கும் கேட்கும். போன மாதம் வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, மூன்றையும் போனில் பதிந்திருக்கிறான். லேப்டாப்பில் போட்டு, கீழே ஒரு மெல்லிய தாளம் சேர்த்து, போன ஞாயிறு எனக்குப் போட்டுக் காட்டினான். முதல் பெருமூச்சு கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஏன்டா இவ்வளவு மெதுவா இருக்கு?" என்று கேட்டேன்.

"பாதி வேகத்துல வச்சேன் மாமா. அப்படித்தான் நல்லா இருக்கு."

நம் பேட்டரிக் கதை அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. நீ வந்து சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், ரயிலில் வா. மின்சார ரயில் நம் ஊரிலேயே நிற்கிறது, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். 'கிட் ஏ' நாடா உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா. அப்பாவின் ரேடியோவைத் துடைத்து, பெல்ட் மாற்றி வைத்துவிட்டேன். பேட்டரி நான் வாங்கி வைக்கிறேன். பாதி தீர்ந்ததாகப் பார்த்து.

உன் கூட்டாளி