பருப்பு மாத்தயாவின் கட்சி

ஆசிரியருக்கு,

இலங்கையின் பழைய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி 1977 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லாமல் போனதை அந்தத் தேர்தலில் வென்ற ஐக்கிய தேசியக் கட்சி (யு.என்.பி.) அலையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1934-35 மலேரியாக் காலத்தில் கிராமம் கிராமமாகப் பருப்பு கொண்டுபோய்க் கொடுத்து, 'பருப்பு மாத்தயா' (சிங்களத்தில் 'மாத்தயா' என்றால் ஐயா) என்று பெயர் வாங்கியவர் இந்தக் கட்சியின் தலைவர் என்.எம். பெரேரா. அரிசி விலை ஏறியபோது 1953 ஹர்த்தாலில், அதாவது நாடு தழுவிய கடையடைப்பு, வேலைநிறுத்தப் போராட்டத்தில், முன்னால் நின்றதும் இந்தக் கட்சிக்காரர்கள்தான். அப்புறம் 1964இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் மந்திரிப் பதவி, அதற்காக ட்ரொட்ஸ்கியக் கட்சிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலத்திலிருந்து வெளியேற்றம். சரி, கூட்டணி என்றால் நாலும் இருக்கும், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று 1956இல் நாடாளுமன்றத்தில் எச்சரித்த இதே கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, சிங்களத்துக்கு ஆட்சிமொழி இடத்தையும் பௌத்தத்துக்கு முதலிடத்தையும் கொடுத்த 1972 அரசியலமைப்பை மந்திரியாக இருந்து கொண்டுவந்தாரே, அதை எப்படி விடுவது? அவரை நம்பிய தமிழர்கள் அப்போதே கையைக் கழுவிவிட்டார்கள். 1975இல் சிறிமாவோவும் கட்சியை அரசிலிருந்து வெளியே அனுப்பினார். வாக்காளர்கள் அனுப்பியது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்