மேரா சிகரப் பயணம்: கிராம்பான் பொருத்தம் பார்க்க வாருங்கள்

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே, தம்பி தங்கைகளே.

ஜூன் 14, ஞாயிறு, காலை 8 மணிக்குத் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் கூடுகிறோம். நேபாளத்தில் 6,476 மீட்டர் உயரமுள்ள மேரா சிகரத்தில் ஏறப் போகிறோம். பனியில் வழுக்காமல் இருக்கப் பூட்ஸின் அடியில் மாட்டும் முட்சட்டம்தான் கிராம்பான். அது பூட்ஸோடு பொருந்துகிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும்.

1. பூட்ஸ், கிராம்பான் இரண்டையும் கொண்டு வாருங்கள். கிராம்பான் வாங்காதவர்கள் தயவுசெய்து அதுவரை வாங்காமல் பொறுங்கள்.

2. பூட்ஸின் விளிம்பைப் பாருங்கள். விறைப்பான அடியோடு முனையிலும் குதிகாலிலும் பள்ளம் இருந்தால், முனைப் பள்ளத்தில் கம்பி மாட்டும் முன்கம்பி வகை பொருந்தும். குதிகாலில் மட்டும் இருந்தால், முன்னால் பிளாஸ்டிக் பிடியும் பின்னால் நெம்புகோலும் உள்ள வகை. இரண்டிலும் இல்லையென்றால் வாரால் கட்டுவது மட்டுமே.

3. நீளத்தைச் சரிசெய்து மாட்டி, வாரைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்குங்கள். கிராம்பான் கழன்று விழக் கூடாது. "எல்லாப் பூட்ஸுக்கும் பொருந்தும்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கினேன். பனிச்சரிவின் நடுவில் இடது கால் கிராம்பான் கழன்று, வாரில் தொங்கியது. அந்த நடுக்கம் உங்களில் யாருக்கும் வரக் கூடாது.

4. வெயில் ஏறினால் ஈரப்பனி முட்களுக்கிடையே உருண்டையாக அப்பிக்கொள்ளும். அதைத் தடுக்கும் அடித்தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளி இரவுக்குள் வருகையையும் பூட்ஸ் அளவையும் இங்கே எழுதுங்கள். குதிகால் பகுதியின் படமும் தேவை.