ஒரு ஹெச் கூடினால் ஆள் மாறிவிடுவாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது கண்ட இடத்திலெல்லாம் 'ஹெச்' எழுத்தைச் செருகுகிறோம், அதை ஒழித்தாலே பாதிக் குழப்பம் தீரும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் ஆவண எழுத்தர். அந்த எழுத்தால் வரும் வம்பு வாரம் தவறாமல் என் மேசைக்கு வருகிறது. ஆனாலும் இந்த வழக்கில் நான் ஹெச் கட்சி.

தமிழில் ட வேறு, த வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டீ' ஒன்றுதான். ஹெச்சை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள்: வீட்டில் இருக்கும் பாட்டியும் கொல்லையில் கட்டிய பாத்தியும் ஒன்றாகிவிடும். டீக்குப் பக்கத்தில் ஒரு ஹெச் வந்து நின்றால்தான் அது த. வடக்கே கணக்கு வேறு. இந்தியையும் சமஸ்கிருதத்தையும் ரோமன் எழுத்தில் எழுதும்போது ஹெச் என்றால் மூச்சு சேர்ந்த ஒலி. அதனால் அங்கே கவிதாவும் லலிதாவும் ஹெச் இல்லாமல் இருக்கிறார்கள், இங்கே ஹெச்சோடு இருக்கிறார்கள். அங்கே அது மூச்சுக்கு, இங்கே நாக்கு பல்லைத் தொடுகிற தகரத்துக்கு. தமிழ் எழுத்தில் அந்த மூச்சொலிகள் இல்லாததால் நமக்கு அது சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டோம். ழகரத்துக்கும் இசட்டோடு அதையே சேர்த்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி போல எழுத்துக்கு அடியில் புள்ளியும் கோடும் போட்டு எழுதலாம்தான். ஆனால் தாலுகா ஆபீஸ் தட்டச்சுப் பொறியில் அதற்கெல்லாம் எங்கே போவது?

இன்னொரு எழுத்துக்கு எடுபிடியாக நிற்பது ஹெச்சுக்குப் புதிதும் இல்லை. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த பழைய வணிகர்களான பினீசியரிடம் அது 'ஹேத்'. தொண்டையில் அழுத்திச் சொல்லும் ஒரு மெய். இரண்டு நட்ட கோடு, குறுக்கே மூன்று கோடு. வேலி என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். கிரேக்கர் அதை வாங்கினார்கள். கிழக்கே இருந்த அயோனியக் கிரேக்கரின் பேச்சில் ஹ ஒலி தேய்ந்துபோகவே, வேலையற்று நின்ற எழுத்தை நெடில் ஏகாரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கி.மு. 403இல் ஏதென்ஸும் அந்த வழக்கத்துக்கே மாறியது. மேற்கே குடியேறிய கிரேக்கர் மட்டும் பழைய ஒலியை விடவில்லை. அவர்களிடமிருந்து இத்தாலியின் பழங்குடிகளான எத்ருஸ்கருக்கும், பிறகு ரோமருக்கும் போனது. இன்றைக்கும் ஒரே வடிவம் கிரேக்கத்தில் உயிர், ஆங்கிலத்தில் மெய்.

குறிலுக்கும் நெடிலுக்கும் தனி வடிவம் வேண்டும் என்ற அதே கவலை நம் கொள்ளிடக் கரையிலும் ஒருவருக்கு இருந்தது. ஏலாக்குறிச்சியில் இருந்து தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டியவர். இத்தாலியரான அவருடைய சொந்தப் பெயர் பெஸ்கி. இத்தாலிய மொழியில் ஹெச்சுக்கு ஒலியே கிடையாது. ஆனால் அவர் பெயரில் ஒரு ஹெச் உண்டு. ஊமைதானே என்று அதை எடுத்துவிட்டால், இத்தாலியர் அவரைப் 'பெஷி' என்றுதான் கூப்பிடுவார்கள்! வாசக நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும்கூட ஒலி போய்விட்டது, எழுத்து போகவில்லை. ஸ்பானியர் 'ஓலா' என்று வணக்கம் சொல்வார்கள். எழுதும்போது முன்னால் ஒரு ஹெச். எழுத்தின் பெயரே பிரெஞ்சு வழியாக வந்ததால் ஆங்கிலேயர் அதை 'எய்ச்' என்கிறார்கள். நம் வாத்தியார்கள் 'ஹெச்' என்று சொல்லிக்கொடுத்ததைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு தகவல்: அயர்லாந்தில் அப்படிச் சொல்பவர்கள் ஏராளம்.

பென்சிலில் கடினத்துக்கு ஹெச், பம்புசெட்டில் அஞ்சு ஹெச்பி மோட்டார், ஹெலிகாப்டர் இறங்குகிற தளத்தில் பெரிதாக ஒரு ஹெச். வேதியியலில் ஹைட்ரஜனுக்கு அதுதான் குறியீடு. மீத்தேன் என்றால் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அதை நிலத்தடியிலிருந்து எடுக்கும் திட்டம் என்று கேட்டு எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனை பேர் தூக்கம் கெட்டோம். 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் ஆன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

ஊர்ப் பெயர்களில் ஒழுங்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூரின் முதல் எழுத்துக்கு ஹெச் உண்டு, பக்கத்துத் திருச்சிராப்பள்ளியின் முதல் எழுத்துக்கு இல்லை. சீர்காழியை வெள்ளைக்காரன் 'ஷியாலி' ஆக்கினான். இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் முதல் இனிஷியல் அந்த ஷியாலிதான். இன்றைய எழுத்துக்கூட்டலில் அதே ஹெச் முன்னாலிருந்து நகர்ந்து ழகரத்துக்குப் போய்விட்டது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளிவந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். ஊர்களுக்கு என்ன, பட்டாவும் பாஸ்புக்கும் அவற்றுக்குத் தேவையில்லை. மனிதர்களுக்குத்தான் தேவை.

ஆலங்குடி குருபகவான் புண்ணியத்தில் எங்கள் பக்கம் தெட்சிணாமூர்த்திகள் அதிகம். அந்தப் பெயரை நம் வாய்க்கு வருகிறபடி ஆங்கிலத்தில் எழுதினால் மூன்று ஹெச் விழும். வடமொழிப்படி எழுதினால் ஒன்றே ஒன்று. அப்படி ஒருவர் காலமானார். பாஸ்புக்கில் மூன்று ஹெச், இறப்புச் சான்றிதழில் ஒன்று. கணக்கில் இருந்த பணத்தைக் கேட்டுப் போன அவர் மனைவியிடம் 'இவர் வேறு, அவர் வேறு' என்று வங்கிக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். தமிழில் இருந்த பட்டாவை அந்த அம்மா நீட்டினார். சான்றிதழின் தமிழ்ப் பகுதியையும் காட்டினார். இரண்டிலும் ஓர் எழுத்து பிசகவில்லை. 'இதெல்லாம் சிஸ்டம் எடுக்காதும்மா' என்பதுதான் பதில். அப்புறம் நோட்டரி, அபிடவிட், வி.ஏ.ஓ. அறிக்கை, ஒரே நபர் சான்று. குறுவை அறுவடை முடிந்து சம்பா நடவும் ஆகிவிட்டது, பணம் கைக்கு வர.

எனக்கு இதில் வருமானம் உண்டு என்றாலும் சொல்லத் தயங்கவில்லை: இந்தச் சான்றுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை. எண்கணிதத்தில் ஹெச்சுக்கு ஐந்து என்று சொல்லி, பள்ளியில் சேர்த்த பிறகு பிள்ளை பெயரில் ஒன்றைக் கூட்டுகிற பெற்றோர்களை வேண்டுமானால் திட்டலாம். தெட்சிணாமூர்த்தியை எதற்குத் திட்டுவது? அவர் பெயர் அவருக்குத் தமிழில்தான் தெரியும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வெவ்வேறு மேசைக்காரர்கள்.

ஆதாரில் தமிழ்ப் பெயரும் அச்சாகி வருகிறது. பட்டா தமிழில் இருக்கிறது. குடும்ப அட்டை தமிழில் இருக்கிறது. வங்கிக் கணக்கிலும் காப்பீட்டுப் பதிவிலும் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம் ஒதுக்கட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் இடித்தால் தமிழ்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஒப்பிட்டு முடிவு செய்யலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவு தொடங்குவதற்குள் மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் உட்கார்ந்து பேசினால், இந்த முறையாவது விவசாயிகள் என் மேசைக்கு வராமல் நேரே வயலுக்குப் போவார்கள்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி