15 வினாடிக் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி படகேறிவிட்டாய் என்று படித்ததும் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கவலை நீ வாங்கப் போகும் லைஃப் ராஃப்டைப் பற்றி, படகு மூழ்கினால் ஊதவைத்து ஏறிக்கொள்ளும் அந்தக் காற்று மிதவையைப் பற்றி. விருந்தாளிகள் வந்தாலும் ஆகட்டும் என்று எட்டுப் பேர் ராஃப்ட் பார்க்கிறாயாமே, வேண்டாம். நெடுங்கடலுக்குப் போவது நீயும் தங்கச்சியும்தான். அடியில் தொங்கும் தண்ணீர்ப் பைகளோடு, உள்ளே இருப்பவர்களின் எடையும் சேர்ந்துதான் ராஃப்டைக் கவிழாமல் பிடித்து வைக்கிறது. எட்டுப் பேர் இடத்தில் இரண்டே பேர் உட்கார்ந்தால் காற்றுக்குக் கொண்டாட்டம். உடம்புச் சூடும் தங்காது. அதற்காக இரண்டு பேர் அளவுக்கும் இறங்கிவிடாதே. தலைக்கு 0.372 சதுர மீட்டர் தரை என்பதுதான் கணக்கு. காலை நீட்டினால் அடுத்தவர் மடியில் போய் நிற்கும். நாலு பேர் ராஃப்ட் சரியாக இருக்கும்.

என்ன கம்பெனி என்று கேட்டிருக்கிறாய். நான் முதலில் கேட்பது, அதை எங்கே வைக்கப் போகிறாய் என்றுதான். என் கதையைச் சொல்கிறேன், சிரிக்காதே. பையில் வரும் ராஃப்ட் மலிவு என்று வாங்கி, காக்பிட்டில், அதாவது படகோட்டும் இடத்தில், இருக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நெடுங்கடல் பந்தயங்களில் ராஃப்டை 15 வினாடியில் படகின் விளிம்புக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒருநாள் படகைக் கட்டியிருந்தபோது, அலையே இல்லாத நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரியை எடுக்கச் சொன்னேன். மேலே படகு உரசாமல் தொங்கவிடும் ஃபெண்டர் மூன்று, நனைந்த கயிற்றுச் சுருள், ஒரு வாளி. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பையின் பிடியைப் பிடித்து இழுத்தாள். முப்பது கிலோவுக்கு மேல் கனம். பெட்டியின் விளிம்பில் சிக்கி நின்றுவிட்டது. நாலு நிமிடம் ஆனது. அப்புறம்தான் பார்த்தேன், இழுத்தால் ராஃப்டை ஊதவைக்கும் அந்தக் கயிற்றின் நுனி படகோடு கட்டப்படாமல் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அப்படியே தூக்கிப் போட்டிருந்தால் ராஃப்ட் ஊதாமலே மிதந்து போயிருக்கும். இரண்டு வருடம் அந்த லட்சணத்தில் சுற்றியிருக்கிறோம்!

இப்போது கெட்டி ஓட்டுக்குள் வரும் கேனிஸ்டர் வகை. பின்பக்கக் கம்பியில் தொட்டில் அடித்து வைத்திருக்கிறேன். கொக்கியைத் தட்டினால் தானாகவே தண்ணீரில் விழும். முன்தளத்தில் மட்டும் வைக்காதே. அங்கே அலை அடிக்கும் அடியில் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போய்விடும். படகு மூழ்கினால் 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் தண்ணீர் அழுத்தத்தால் ராஃப்டின் கட்டைத் தானாக அறுத்துவிடும் ஹைட்ரோஸ்டாட்டிக் கருவியும் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நீயும் கூடப் போ. என் பழைய ராஃப்டைப் பிரித்தபோது டார்ச் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது, கைத்தீப்பந்தங்கள் காலாவதி. முந்தைய வருடம் பார்த்தவர் முத்திரை மட்டும் குத்திக் கொடுத்திருந்தார். எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்றும் எண்ணிப் பார்.

கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்னப் படகு, டிங்கியே போதாதா என்கிறாய். 1972-இல் பசிபிக்கில் ராபர்ட்சன் குடும்பத்தின் படகைத் திமிங்கிலங்கள் உடைத்தன. ஆறு பேர். ராஃப்ட் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. 38-ஆம் நாள் மீட்கப்படும்வரை சுமந்தது டிங்கிதான். உன் கட்சிக்கு நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிங்கிக்குக் கூரை கிடையாது, புயலில் அதை இறக்குவதும் நடக்காது. தவிர அந்தக் காலத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனும் கிடையாது. டிங்கி கூட இருக்கட்டும், ராஃப்டுக்கு மாற்றாக வேண்டாம். பணம் இடித்தால் ராஃப்டில் சொகுசைக் குறை. பீக்கனை மட்டும் வாங்கி உன் பெயரில் பதிவு செய்துவிடு.

ராஃப்ட் இருக்கிறதே என்று அவசரப்பட்டு இறங்கிவிடவும் கூடாது. 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில் அடித்த புயலில் ஆட்கள் கைவிட்ட 24 படகுகளில் 19 படகுகள் பிறகு மிதந்தபடியே கிடைத்தன. 15 பந்தயக்காரர்கள் இறந்துபோனார்கள்.

பின்பக்கக் கம்பிகளுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து எழுது. தொட்டிலின் படம் வரைந்து அனுப்புகிறேன். அளக்கிற வேலையைத் தங்கச்சியிடம் கொடு. உன் அளவு எப்போதும் இரண்டு விரல்கடை கூடத்தான் இருக்கும்.

அன்புடன்,
முத்து